ஐயர் இல்லை, அய்யார்!

தூர்தர்ஷன் காலத்தில் வளர்ந்தவர்களிடம் ஞாயிற்றுக்கிழமை காலை என்று சொல்லிப் பாருங்கள். மூன்று பெயர்கள் வரும். ராமாயணம், மகாபாரதம், சந்திரகாந்தா.

முதல் இரண்டையும் பார்க்க இந்தி தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ராமன் வில்லை எடுத்தால் எதற்கு என்று நமக்குத் தெரியும். சகுனி பகடையை உருட்டினால் அடுத்து என்ன நடக்கும் என்பது ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். மூன்றாவதில்தான் சிக்கல். யார் இந்த சந்திரகாந்தா? நௌகட் என்ற ஊர் எங்கே இருக்கிறது? புருவத்தை நெற்றி வரைக்கும் தூக்கி வரைந்துகொண்டு, வாய்க்கு வாய் ‘யக்கு’ என்று கத்துகிறானே, அவனுக்கு என்னதான் வேண்டுமாம்? ஒன்றும் புரியாது. ஆனாலும் 1994-லிருந்து 1996 வரை தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் அந்த நேரத்துக்கு டி.வி. ஓடியது.

காந்தலிலும் ஓடியது. ஊட்டிக்குச் சுற்றுலா போகிறவர்கள் ஏரி, தாவரவியல் பூங்கா, தொட்டபெட்டா என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நகரை ஒட்டியே இருக்கும் காந்தலுக்கு, குருசடித் திருத்தலத்துக்கு வருகிறவர்களைத் தவிர வெளியூர்க்காரர்கள் அதிகம் வருவதில்லை. சரிவில் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தாற்போல நெருக்கமான வீடுகள். உழைக்கும் ஜனங்கள். மலைகளுக்கு நடுவில் கிண்ணம்போல் இருக்கும் ஊரில் டி.வி. தெரிவதே அன்றைக்குப் பெரிய காரியம். கூரை மேல் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்புவார். வாசலில் ஒருவர், உள்ளே டி.வி. முன்னால் ஒருவர். ‘தெரியுதா?’, ‘தெரியல’, ‘இப்போ?’, ‘இப்போதான் தெரிஞ்சது, கைய எடுத்துட்டியா?’ மூடுபனியில் மேலே நிற்பவரின் முகமே தெரியாது, குரல் மட்டும் வரும். உள்ளே திரையிலும் மூடுபனிதான். அந்தப் புள்ளிக் கூட்டத்துக்கு நடுவே கோட்டையும் குதிரையும் தெரிந்தால் போதும், டீயையும் வர்க்கியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

அப்படி உட்கார்ந்தவர்களில் ஒருவர் காந்தல் பாட்டி ஒருவர். இப்போது எழுபதைத் தாண்டியவர். கேரட், உருளைக்கிழங்கு தோட்டங்களில் வேலை பார்த்தவர். வாரத்தில் ஆறு நாள் விடிவதற்கு முன்பே கிளம்பிப் போக வேண்டும், ஞாயிறு ஒரு நாள்தான் வீட்டில். அவருக்கு அப்போது ஒரு சொந்த மொழிபெயர்ப்பாளரும் இருந்தார். பக்கத்து வீட்டில் குடியிருந்த ஓய்வுபெற்ற ராணுவக்காரர். பட்டாளத்தில் இருந்தவருக்கு இந்தி தெரியாமல் இருக்குமா? தெரியும்தான். ஆனால் அவர் மொழிபெயர்ப்பு ரொம்பச் சுருக்கம். திரையில் ஒரு ராஜா ஐந்து நிமிடம் வசனம் பேசி முடித்ததும் இவர் சொல்வார்: ‘ராஜா கோவமா இருக்காரு.’ அது பாட்டிக்கே தெரிகிறதே!

அதனால் பாட்டி தானாகவே கதையைக் கட்டிக்கொண்டார். அதில் ஒரு விஷயம் மட்டும் அவருக்குக் கடைசி வரை உறுத்தியது. வேஷம் போட்டு எதிரி கோட்டைக்குள் புகுந்து, பொடியைத் தூவி ஆளை மயக்கி, மூட்டை கட்டி முதுகில் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களையெல்லாம் ஏன் ‘ஐயர்’ என்கிறார்கள்? சிங் என்று பெயர் வைத்தவனும் ஐயர், கத்தி வைத்திருக்கிறவனும் ஐயர். பொம்பளைகளில்கூட ஐயர் உண்டு. வடக்கே பழக்கம் அப்படிப் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்.

சுமார் முப்பது வருடம் கழித்து அந்த முடிச்சை அவிழ்த்தது பேத்தி. இந்திப் பிரசார சபா தேர்வுகளில் ராஷ்டிரபாஷா வரைக்கும் எழுதி முடித்த கல்லூரிப் பெண். போனில் அந்தப் புருவக்காரனின் பழைய காட்சி ஒன்று வர, பாட்டி எட்டிப் பார்த்து, “அட, நம்ம யக்கு!” என்று சொல்ல, விசாரணை அங்கிருந்து தொடங்கியது.

“பாட்டி, அது ஐயர் இல்ல. அய்யார்.”

“ரெண்டும் ஒண்ணுதானே கண்ணு?”

ஒன்றில்லை. அய்யார் என்பது அரபியிலிருந்து பாரசீகம், உருது வழியாக இந்திக்கு வந்த சொல். தந்திரக்காரன், மாயக் கள்ளன், ஒற்றன் எல்லாம் சேர்ந்த ஓர் ஆள் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால் தொடரின் வேர் வரைக்கும் போய்விடலாம்.

சந்திரகாந்தா தொடருக்கு மூலம் ஒரு நாவல். எழுதியவர் தேவகிநந்தன் கத்ரி. 1861-இல் பீகாரில் பிறந்து காசியில் குடியேறியவர். எழுத்தாளராக ஆவதற்கு முன் அவர் பார்த்த வேலை என்ன தெரியுமா? காட்டு காண்டிராக்ட். காசி மகாராஜாவிடம் சகியா, நௌகட் காடுகளைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். நீலகிரிக்காரர்களுக்கு இந்தத் தொழிலைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மரக் கணக்குப் பார்க்கப் போன மனிதர், காட்டுக்குள் இடிந்து கிடந்த கோட்டைகளையும் குகைகளையும் அருவிகளையும் சுற்றிச் சுற்றி வந்தார். குத்தகை கைவிட்டுப் போனது. மனதில் அந்த இடிபாடுகள் நின்றுவிட்டன. 1888-இல் சந்திரகாந்தா வெளிவரத் தொடங்கியது.

கதையில் வரும் நௌகட், விஜய்கட், சுனார்கட் மூன்றும் கற்பனை ஊர்கள் இல்லை. இன்றைய உத்தரப்பிரதேசத்தின் கிழக்கு ஓரத்தில் இருப்பவை. சுனார் கோட்டை கங்கைக் கரையில் இன்றைக்கும் நிற்கிறது.

நௌகட் இளவரசன் வீரேந்திர சிங்கும் விஜய்கட் இளவரசி சந்திரகாந்தாவும் ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள். விஜய்கட் மந்திரியின் மகன் க்ரூர் சிங்குக்கு இளவரசி மேலும் கண், சிம்மாசனத்தின் மேலும் கண். காரியம் கைகூடாததால் சுனார்கட் அரசன் சிவதத்தைத் துணைக்கு இழுத்து வருகிறான். நடுவே சந்திரகாந்தா ‘திலிஸ்ம்’ ஒன்றில் சிக்கிக்கொள்கிறாள். கதைச் சுருக்கம் அவ்வளவுதான். எந்த ராஜா கதையிலும் இருப்பதுதான். புத்தகத்தின் ருசி இதில் இல்லை.

ருசி அய்யார்களிடம் இருக்கிறது. அரசவையில் சம்பளத்துக்கு இருப்பவர்கள். முகத்தை மாற்றத் தெரியும், மருந்து தெரியும், பாடத் தெரியும், ஓடத் தெரியும், சங்கேத மொழியில் பேசத் தெரியும். இடுப்பில் ஒரு சுருக்குப் பை. அதில் மயக்கப் பொடி, வேஷம் கட்டும் சாமான், மயங்கியவரை எழுப்ப ‘லக்லகா’ என்ற வாசனை மருந்து. அவர்களுக்குள் ஒரு தர்மமும் உண்டு. பிடிபட்ட அய்யாரைக் கொல்லக் கூடாது, சிறையில் போடலாம். இரண்டு ராஜாக்கள் மோதும்போது படைகளைப் பலி கொடுக்காமல், ரத்தம் சிந்தாமல், தந்திரத்தாலேயே சண்டையை முடித்துவைப்பவர்கள் இவர்கள் என்று கத்ரி முன்னுரையிலேயே பெருமையோடு அறிமுகம் செய்கிறார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். யாரோ ஒருவர் நமக்கு நன்றாகத் தெரிந்தவரின் முகத்தோடு வந்து, நம்பிக்கையாகப் பேசி, கையில் இருப்பதை வாங்கிக்கொண்டு போவது கத்ரி நாவலில் பத்துப் பக்கத்துக்கு ஒரு முறை நடக்கும். இன்றைக்கு அதே வேலை வாட்ஸ்அப்பில் புரொஃபைல் படத்தை மாற்றி வைத்துக்கொண்டு நடக்கிறது. நாவலில் வருகிறவர்கள் சந்தேகம் வந்தால் ‘முதலில் முகத்தைக் கழுவிக் காட்டு’ என்பார்கள். அந்த வசதி நமக்கு இல்லை.

அடுத்தது திலிஸ்ம். பழங்கால அரசர்கள் தங்கள் புதையலைப் பாதுகாக்கக் கட்டிவைத்த ரகசிய மாளிகை. உள்ளே போனவர் வெளியே வர முடியாது. தரை நழுவும், சுவர் மூடிக்கொள்ளும், கல்லால் செய்த கொக்கு வாயைத் திறந்து ஆளை விழுங்கும். யார் உடைக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டிருக்கிறதோ அவரால்தான் உடைக்க முடியும், அதற்கும் வழி சொல்லும் புத்தகம் ஒன்று எங்கேயாவது ஒளித்து வைக்கப்பட்டிருக்கும். அலிபாபா குகையையும் பாதாள பைரவியையும் விட்டலாச்சார்யா படங்களையும் பார்த்து வளர்ந்த தமிழ் ரசிகருக்கு இது ஒன்றும் அந்நியமாகத் தெரிந்திருக்காது. மொழி தெரியாமலே காந்தலில் இந்தத் தொடர் ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இவற்றைக் கத்ரி கண்டுபிடிக்கவில்லை. அய்யாரும் திலிஸ்மும் பாரசீக, உருது ‘தாஸ்தான்’களில் ஏற்கெனவே இருந்தார்கள். அமீர் ஹம்சாவின் கதைகளைத் தெருமுனைகளிலும் சபைகளிலும் சொல்லிக் கேட்ட கூட்டம் வடக்கே ஏராளம். அந்த வரிசையில் வந்த ‘திலிஸ்ம்-ஏ-ஹோஷ்ருபா’ லக்னோவின் நவல் கிஷோர் அச்சகத்தில் 1880-களில் தடித்தடிப் புத்தகங்களாக அச்சேறிக்கொண்டிருந்தது. அதில் வருகிற திலிஸ்ம் முழுக்க முழுக்க மந்திரம். சூனியக்காரர்கள் ஆளும் தேசம். கத்ரி அங்கேதான் தன் கைவரிசையைக் காட்டினார். மந்திரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இயந்திரத்தை வைத்தார்.

சந்திரகாந்தாவில் கதவு தானாகத் திறந்தால் பின்னால் ஒரு விசை இருக்கும். பொம்மை வாளை வீசினால் உள்ளே பல்சக்கரம் சுற்றும். ஒருவர் மயங்கி விழுந்தால் அது சாபம் கிடையாது, மூக்கில் ஏறிய பொடி. முதலில் நம்மை வாய் பிளக்க வைப்பார், அப்புறம் ஏதோ ஒரு அத்தியாயத்தில் அது எப்படி நடந்தது என்று பிரித்துக் காட்டுவார். தன் கதையில் வருவதெல்லாம் நடக்கக்கூடியதுதான் என்று வாதாடவும் செய்தார். அந்த வாதம் எவ்வளவு தூரம் நிற்கும் என்பது வேறு விஷயம். கல் கொக்குக்குக் காண்டிராக்டர் யார், வருடா வருடம் எண்ணெய் போட்டது யார் என்றெல்லாம் கேட்டால் கதை தாங்காது. ஆனால் படிக்கிறவரைப் புத்திசாலி என்று நினைத்து எழுதியவர் அவர். விடை இருக்கிறது, யோசித்துப் பார், பிறகு சொல்கிறேன் என்கிற மரியாதை அந்தப் புத்தகம் முழுக்க இருக்கிறது.

அந்த மரியாதைக்குக் கிடைத்த பதில் மரியாதைதான் இன்றும் பேசப்படுகிறது. அன்றைய வடக்கில் படித்தவர்கள் பெரும்பாலும் உருது எழுத்தில் படித்தவர்கள். கோர்ட்டும் கச்சேரியும் அந்த எழுத்தில்தான் நடந்தன. நாகரி எழுத்துக்கும் அங்கே இடம் கிடைத்தது 1900-இல்தான். அதற்கு முன்பே சந்திரகாந்தாவைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே ஏராளமானவர்கள் நாகரி எழுத்துக் கற்றுக்கொண்டார்கள். இந்தி இலக்கிய வரலாற்றை எழுதிய ராமச்சந்திர சுக்லா, கத்ரியின் நாவல்களை உயர்ந்த இலக்கியம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. அப்படிப்பட்டவரே, இவர் அளவுக்கு வாசகர்களை உண்டாக்கிய வேறு எழுத்தாளர் இல்லை என்பதை மறைக்காமல் பதிவு செய்திருக்கிறார். எந்த அரசாங்கமும் உத்தரவு போடவில்லை, பரீட்சை வைக்கவில்லை. அடுத்த பக்கத்தில் தேஜ் சிங் எந்த வேஷத்தில் வருவான் என்று தெரிந்துகொள்ள ஆசை. அவ்வளவுதான். 1965-ஐப் பார்த்த தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு குறும்பான செய்தி இருக்கிறது, வேண்டுபவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

சந்திரகாந்தா என்றதும் பழைய தமிழ் வாசகர்கள் சிலருக்கு வேறு புத்தகம் ஞாபகம் வரலாம். துப்பறியும் நாவல்களால் புகழ்பெற்ற ஜே.ஆர். ரங்கராஜுவும் இதே பெயரில் தமிழில் ஒரு நாவல் எழுதினார். 1936-இல் ராஜா சாண்டோ அதைப் படமாகவும் எடுத்தார். அது மடத்துத் தலைவர் ஒருவரின் லீலைகளைத் தோலுரிக்கிற கதை. கத்ரியின் இளவரசிக்கும் அதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டுமே.

இனி டி.வி.க்கு வருவோம். நீர்ஜா குலேரி தயாரிப்பில், சுனில் அக்னிஹோத்ரி இயக்கத்தில் 1994-இல் தூர்தர்ஷனில் சந்திரகாந்தா தொடங்கியது. ஷிகா ஸ்வரூப் சந்திரகாந்தா, ஷாபாஸ் கான் வீரேந்திர சிங், மகாபாரதத்தில் கர்ணனாக வந்த பங்கஜ் தீர் சிவதத். க்ரூர் சிங்காக வந்த அகிலேந்திர மிஸ்ராதான் நமது ‘யக்கு’. நாவலில் க்ரூர் சிங்குக்கு இவ்வளவு பெரிய இடம் கிடையாது. புருவமும் அந்த ஒற்றைச் சொல்லும் அவரை எங்கேயோ கொண்டுபோய்விட்டன. பின்னால் ‘லகான்’ படத்தில் ஆமிர்கான் அணியில் அவர் ஆடியபோது, இங்கே பலர் பெயர் தெரியாமலே அடையாளம் கண்டுகொண்டார்கள்.

இன்னொரு முகமும் அதில் இருந்தது. பத்ரிநாத் என்ற அய்யார். ஒல்லியான உடம்பு, தூங்கி எழுந்தாற்போன்ற பெரிய கண்கள். அவர் திரையில் இருக்கும்போது மற்றவர்கள் நாடகத்தில் நடிக்கிறார்கள், இவர் மட்டும் சும்மா இருக்கிறார் என்று தோன்றும். இர்ஃபான் கான்! ‘லஞ்ச் பாக்ஸ்’, ‘லைஃப் ஆஃப் பை’ எல்லாம் வருவதற்கு வெகு காலம் முன்பு. 2020-இல் அவர் இறந்தபோது, ‘இவரா அந்த சந்திரகாந்தா ஆளு!’ என்று எத்தனை வீட்டில் சொல்லியிருப்பார்கள்!

தொடர் நன்றாகத்தான் ஆரம்பித்தது. நகையும் உடையும் கோட்டையும் சோனு நிகம் பாடிய தலைப்புப் பாட்டும் சேர்ந்து, அன்றைய தூர்தர்ஷனுக்கு அது பெரிய படாடோபம். ஆனால் நூறு எபிசோடுகளைத் தாண்டி ஓட வேண்டிய கட்டாயம் வந்தால் எந்தக் கதையும் ஊதும். ஊதிய இடத்தையெல்லாம் மந்திரத்தால் நிரப்பினார்கள். கத்ரி பார்த்துப் பார்த்து வெளியே அனுப்பிய சூனியக்காரர்கள், கையிலிருந்து பாயும் மின்னல், மாய உருவங்கள் எல்லாம் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டன. விசை எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டிய இடத்தில் புகை வந்தது. இதைக் குறை என்றுதான் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்குப் பிடித்தது என்பது உண்மை. கத்ரி கொடுத்ததும் குழந்தைகளுக்குப் பிடித்திருக்கும் என்பது அதைவிட உண்மை. ஒரு பொம்மை எப்படி நடக்கிறது என்று பிரித்துப் பார்க்காத குழந்தை எங்கே இருக்கிறது?

1996-இல் தூர்தர்ஷன் தொடரை நிறுத்தியது. தயாரிப்பாளர் தரப்பு நீதிமன்றம் வரைக்கும் போனது. காந்தலுக்கு அந்தச் செய்தியெல்லாம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை டி.வி.யைப் போட்டார்கள், வேறு ஏதோ ஓடியது. ஆன்டெனா திரும்பிவிட்டதோ என்று தாத்தா கூரை மேல் ஏறினார். அடுத்த வாரமும் ஏறினார். மூன்றாவது வாரம் பட்டாளத்து அண்ணன் வந்து, ‘நிறுத்திட்டாங்களாம்’ என்று சொன்னார். அவர் செய்த மொழிபெயர்ப்புகளிலேயே முழுமையானது அதுதான்.

பாட்டிக்கு ஆறவில்லை. இரண்டு வருடம் பார்த்த கதை. ராத்திரி பிள்ளைகள், ‘அப்புறம் என்னம்மா ஆச்சு?’ என்று கேட்டால் என்ன சொல்வது? அவரே ஒரு முடிவைக் கட்டினார். அந்த முடிவில் இளவரசனுக்கு வேலையே இல்லை. இளவரசியின் தோழி சப்லா, பொம்பளை ‘ஐயர்’ இருக்கிறாளே, அவள் கிழவி வேஷத்தில் போகிறாள். பாட்டி கதையில் அந்தக் கிழவி கேரட் மூட்டை தூக்கிக்கொண்டு போவாள். மூட்டைக்குள் இளவரசியை வைத்துக் கட்டி, காவல்காரனுக்கு வெற்றிலையில் பொடியை வைத்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுவாள். பேத்தியின் அம்மா இந்த முடிவைக் கேட்டுத்தான் வளர்ந்தார். பேத்தியும் அதைத்தான் கேட்டாள். அதுதான் உண்மையான கதை என்று மூன்று தலைமுறையும் நம்பியது.

கத்ரி இறந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால் நாவலுக்குக் காப்புரிமை கிடையாது. இந்தி மூலம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பேத்தி ராத்திரி ராத்திரியாகப் போனில் படித்தாள். பழைய இந்தி, உருதுச் சொற்கள் நிறைய. முதல் ஐம்பது பக்கம் ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கிறாள். பிறகு எழுத்தை மறந்துவிட்டாள், கதை இழுத்துக்கொண்டு போய்விட்டது. முடித்த அன்று பாட்டியிடம் வந்தாள்.

“பாட்டி, புக்குல முடிவு இருக்கு.”

“இருக்கா? அப்ப எதுக்கு டி.வி.காரன் சொல்லாம போனான்?”

“வீரேந்திர சிங் திலிஸ்மை உடைச்சு சந்திரகாந்தாவை மீட்டுடறான். கல்யாணம் ஆயிடுது.”

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை.

“இவ்வளவுதானா? இது எல்லாக் கதையிலயும் வர்றதுதானே. சப்லா?”

“அவளுக்கும் கல்யாணம். தேஜ் சிங்கோட.”

“மூட்டை?”

“மூட்டை கட்டித் தூக்கிட்டு ஓடறதெல்லாம் நிறைய இருக்கு பாட்டி. ஆனா கேரட் இல்ல.”

அன்றைக்கு பாட்டியை அதிகம் பாதித்தது முடிவு இல்லை. கல் கொக்கு. அந்த அதிசயங்களையெல்லாம் அவர் மாயம் என்றே வைத்திருந்தார். உள்ளே விசையும் சக்கரமும் வைத்துத்தான் எழுதியவர் கட்டியிருக்கிறார் என்று பேத்தி விளக்கியபோது, நம்பாமல் மறுபடி மறுபடி கேட்டார். தோட்டத்தில் மருந்தடிக்கும் பம்ப்பையும் கேரட் கழுவும் மெஷினையும் பார்த்தவர். ‘அப்படின்னா யாராவது ரிப்பேர் பண்ணி இருக்கணுமே’ என்றார். கத்ரியிடம் நேரில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

சந்திரகாந்தாவோடு கத்ரி நிறுத்தவில்லை. வாசகர்கள் விடவில்லை. வீரேந்திர சிங்கின் மகன்கள் இந்திரஜித் சிங், ஆனந்த் சிங் காலத்துக் கதையாக ‘சந்திரகாந்தா சந்ததி’ வந்தது, மொத்தம் 24 பாகங்கள். 1898-இல் காசியில் லஹரி பிரஸ் என்று சொந்த அச்சகமே தொடங்கினார். சந்ததியில் வரும் பூத்நாத் என்ற அய்யாரைத் தனியே எடுத்து இன்னொரு நாவல் தொடங்கினார். அதை முடிப்பதற்குள் 1913-இல் இறந்துபோனார். பாதியில் நின்ற கதையை மகன் துர்காபிரசாத் கத்ரி எழுதி முடித்தார். அச்சில் விட்டுப்போன கதைக்கு அப்படி ஒரு மகன் இருந்தார். 1996-இல் விட்டுப்போன தொடருக்கு அப்படி யாரும் வரவில்லை.

திரும்ப எடுக்க முயன்றவர்கள் உண்டு. 2017-இல் ஒரே வருடத்தில் இரண்டு சேனல்கள் இரண்டு சந்திரகாந்தாவை ஒளிபரப்பின. கம்ப்யூட்டர் வித்தையில் எதையும் காட்டலாம் என்ற தைரியத்தில் மாயமும் மந்திரமும் இன்னும் பெருகியிருந்தன. பழைய தொடரின் காகித அட்டைக் குகைகளைப் பார்த்துச் சிரித்தவர்கள்கூட இவற்றைப் பற்றி இன்று பேசுவதில்லை. விசையையும் பல்சக்கரத்தையும் நம்பி ஒரு சந்திரகாந்தாவை யாராவது எடுக்கலாம். துப்பறியும் கதைபோல, ஒவ்வொரு எபிசோடிலும் ஒரு பூட்டு, ஒரு திறப்பு. ஓ.டி.டி.யில் எதை எதையோ எடுக்கிறார்கள். எழுதிவைத்த மனிதர் காப்புரிமைகூடக் கேட்கப் போவதில்லை.

பாட்டிக்கு இப்போது 24 பாகங்கள் இருக்கின்றன என்ற செய்தி தெரிந்துவிட்டது. பேத்திக்கு செமஸ்டர் பரீட்சை நெருங்குகிறது. ஆனாலும் முதல் பாகத்தைத் தொடங்கிவிட்டாள். படித்ததை அன்றன்றைக்குத் தமிழில் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை. ‘ராஜா கோவமா இருக்காரு’ என்று சுருக்கக் கூடாது என்பது இரண்டாவது நிபந்தனை.

“அதுல சப்லா வர்றாளா கண்ணு?”

“வர்றா பாட்டி. வயசாயிடுச்சு. பெரிய மகன் இருக்கான், பைரோ சிங்னு.”

“அவன் என்ன வேலை பண்றான்?”

“அவனும் அய்யார்தான்.”

“அம்மாகிட்ட கத்துக்கிட்டிருப்பான்” என்று சொல்லிவிட்டுப் பாட்டி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். “சரி, ஆரம்பி.”